பிழைக் கொப்பி

நேயர்களுக்கு வணக்கம். பொது அறிவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று அழைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்டே பழகிய வாய் இது. பேசு என்றால் கொஞ்சம் தடுமாறும். ஆகவே ஒரு கேள்வியோடேயே தொடங்குகிறேன். உங்கள் வீட்டு அடுப்பில் இப்போது கேத்தல் ஏறியிருக்கிறதா? அதில் தண்ணீர் எத்தனை பாகை செல்சியஸில் கொதிக்கும்? விடையை மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்கு வருகிறேன்.

அட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன் நான். சனிக்கிழமை மாலைகளில் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பொது அறிவுப் போட்டி நடத்துவேன். மழை பிடித்துக்கொண்டால் யார் வீட்டு இஸ்தோப்பிலாவது நடக்கும். மணிக்குப் பதிலாக ஒரு பித்தளைக் கிண்ணமும் கரண்டியும். பரிசு, கொப்பி அல்லது பென்சில். ஒரு தடவை கடைக்காரர் ஒருவர் அரைக் கிலோ சீனி கொடுத்தார். அதை வென்ற பையன் நடந்த நடையைப் பார்க்க வேண்டும், உலகக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவதைப் போல.

அந்தக் காலத்தில் என்னிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஒன்றில் கேள்விகளும் சரியான விடைகளும். அதைக் கறையான் தின்றுவிட்டது. பெரிய நட்டமில்லை. அதில் இருந்ததெல்லாம் கடையில் விற்கிற பொது அறிவுப் புத்தகங்களிலும் இருக்கிறது. மற்றக் கொப்பியில் பிள்ளைகள் சொன்ன பிழையான விடைகளை எழுதி வைத்தேன். முதலில் சிரிப்பதற்காகத்தான் எழுதினேன். அந்தக் கொப்பிதான் இப்போது ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் விரிந்து கிடக்கிறது. தாள் சரசரப்பது உங்களுக்குக் கேட்கலாம், மன்னிக்கவும்.

இதில் அதிகத் தடவை எழுதப்பட்ட விடை சிவனொளிபாதமலை. கேள்வி, இலங்கையின் மிக உயரமான மலை எது? மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் கேள்வி முடிவதற்கு முன்பே சிவனொளிபாதமலை என்பார்கள். நான் கிண்ணத்தைத் தட்டிப் "பிழை" என்பேன். ஒரு நாள் விடியற்காலையில் அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் தங்கியிருந்தேன். பிள்ளைகள் முகம் கழுவும் பீலியடியில் நின்று நிமிர்ந்தால், பக்கத்தில் துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாமல், கூம்பாக எழுந்து நிற்கிறது மலை. தோளில் துவாயோடு அப்படியே நின்றுவிட்டேன். அதன் உயரம் 2,243 மீற்றர். சரியான விடையான பிதுருதலாகலையோ 2,524 மீற்றர். ஆனால் பிதுருதலாகலையை நாம் எங்கிருந்து பார்க்கிறோம்? நுவரெலியாவில் நின்று. அந்த நகரமே ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மிச்சம் 650 மீற்றர்தான் கண்ணுக்குத் தெரியும். சந்தைக்குப் போகிறவர்கள் அதை ஒரு மலையாகவே எண்ணுவதில்லை. இரண்டாவது மலையான கிரிகல்பொத்தையின் பாடு இன்னும் மோசம். அது 2,388 மீற்றர். ஆனால் அது எழும்புகிற ஹோட்டன் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேலே இருப்பதால், பெரிய பந்தலில் மூலையில் உட்கார்ந்த விருந்தாளியைப் போல ஒருவரும் கவனிப்பதில்லை. புத்தகம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது. பிள்ளை பீலியடியிலிருந்து அளந்தது.

அடுத்த பக்கம். தேயிலைப் பெட்டியில் பி.ஓ.பி. என்று அச்சடித்திருப்பார்கள். ப்ரோக்கன் ஆரஞ்சு பெக்கோ. அதில் ஆரஞ்சு எதற்கு என்று கேட்டேன். தரம் ஆறில் படித்த ஒரு பையன், "சேர், தோடம்பழத் தோலைக் காயவைத்துத் தூளில் கலப்பார்கள்" என்றான். அவனுடைய தகப்பன் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், தூள் சலிக்கிற வேலை செய்கிறவர். மண்டபத்தின் கடைசியில் நின்றவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவரைக் கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை. உண்மையில் அது இலையின் தரத்துக்கு இடப்பட்ட பெயர். பெக்கோ என்பது சீனத்துச் சொல்லிலிருந்து வந்தது, துளிர் மொட்டின் மேலிருக்கும் வெண்மையான மென்மயிரைக் குறிப்பது. ஆரஞ்சு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பல கதைகள் இருக்கின்றன. ஒல்லாந்து அரச குடும்பத்தின் பெயர் என்பது அவற்றில் ஒன்று. எப்படியானாலும் தூளில் தோடம்பழத் தோல் இல்லை.

இதே தேயிலையில் இன்னொன்று. கிறீன் டீ தரும் செடிக்கும் நம்முடைய கறுப்புத் தேயிலைச் செடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இலை சிறியது, அது ஜப்பானில் மட்டும் வளரும், அதற்குப் பூச்சி வராது. போட்டிக்குச் சேராத ஒரு கிழவி, பேத்தியைக் கூட்டிப் போக வந்தவர், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "அதே செடிதான் தம்பி. கொழுந்தைப் பறித்தவுடன் சூடு காட்டிவிட்டால் கறுக்காது." நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி நசுக்கி, காற்றுப்பட விடுகிறார்கள். இலைக்குள் இருக்கும் நொதியங்கள் வேலை செய்து அதைச் செம்பு நிறமாக்குகின்றன. பிறகுதான் சூடு. கிறீன் டீக்கு ஆவியிலோ இரும்புச் சட்டியிலோ முதலிலேயே சூடு காட்டுவதால் நொதியங்கள் செயலற்றுப் போகின்றன. இரண்டுக்கும் தாவரவியலில் ஒரே பெயர், கமெலியா சினென்சிஸ். அந்த முழு விளக்கத்தையும் கிழவி இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். புள்ளி யாருக்குப் போடுவது என்று தெரியாமல் பேத்தியின் அணிக்குப் போட்டேன்.

இலங்கையில் முதலில் வியாபாரத்துக்காகத் தேயிலை நட்டவர் யார்? சரியான விடை உங்களுக்குத் தெரியும். ஜேம்ஸ் டெய்லர், 1867, லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர். கொப்பியில் ஒரு சிறுமியின் விடை இருக்கிறது: "எங்கள் பூட்டன்." எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிழை என்று குறித்தேன். 19 ஏக்கருக்கு ஒரு மனிதர் தனியாகக் குழி வெட்டியிருக்க மாட்டார் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, கெட்டுப்போகும் விடைகள். சில விடைகள் பாண் மாதிரி, வாங்கிய அன்றைக்கே தின்றுவிட வேண்டும். சூரியக் குடும்பத்தில் கோள்கள் எத்தனை என்றால் என் காலத்துப் பிள்ளைகள் ஒன்பது என்று பாட்டாகவே பாடுவார்கள். 2006 ஓகஸ்டில் வானியலாளர்கள் கூடிப் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கினார்கள். பாட்டு பாழாய்ப் போனது. கஸகஸ்தானின் தலைநகரம் அஸ்தானா, 2019 இல் நூர் சுல்தான், 2022 இல் மறுபடி அஸ்தானா. இடையில் அச்சடித்த புத்தகத்தை வாங்கியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் சுசந்திகா ஜயசிங்க. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார், வெண்கலம். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்து பாவித்ததை 2007 இல் ஒப்புக்கொண்டார். அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 2009 இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. அதுவரை இலங்கையிடம் இருந்த ஒரே வெள்ளி, 1948 இல் லண்டனில் 400 மீற்றர் தடை தாண்டலில் டங்கன் வைட் வென்றது. ஒருவரும் ஓடாமலே ஒரு வெள்ளி இரண்டு வெள்ளியானது. சில வருடம் கழித்து வேறொருவர் நடத்திய போட்டிக்கு நான் பார்வையாளனாகப் போயிருந்தேன். சுசந்திகா வென்றது என்ன பதக்கம் என்ற கேள்விக்கு "வெள்ளி" என்று சொன்ன பையனுக்குப் பிழை போட்டார்கள். மேசையில் இருந்தது பழைய புத்தகம். பையன் விவாதித்துப் பார்த்தான். புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்கள். எழுந்து சொல்லலாமா என்று யோசித்தேன், விருந்தாளியாக வந்த இடத்தில் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனமும் கொப்பியில் இருக்கிறது, தேதி போட்டு.

தந்திரக் கேள்விகளை நான் விரும்புவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது என்று கேட்டு, சஹாரா என்று சொன்ன பிள்ளையைத் தலைகுனிய வைத்து, அந்தாட்டிக்கா என்று வெற்றிப் புன்னகை செய்கிறார்கள். பாலைவனம் என்றால் மழையோ பனியோ மிகக் குறைவாக விழும் இடம், வெயில் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் பிள்ளை தானே யோசித்துப் பனிக்கட்டிக்குப் போய்ச் சேரும். "மிகப் பெரிய வெப்பப் பாலைவனம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்டால் சஹாரா சரிதான். ஒரு சொல்லை ஒளித்து வைத்துவிட்டுப் பிள்ளையின் அறிவை அளப்பது கடைக்காரன் தராசில் விரலை வைப்பது மாதிரி.

இதைச் சொல்ல எனக்கு அருகதை இருக்கிறதா என்றால், கேத்தல் கதைக்கு வர வேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நுவரெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இறுதிப் போட்டி. தண்ணீர் எத்தனை பாகை செல்சியஸில் கொதிக்கும்? தரம் எட்டில் படித்த ஒரு பிள்ளை எழுந்து, "சேர், இங்கேயா, கொழும்பிலா?" என்று கேட்டாள். "கேள்விக்குக் கேள்வி விடையாகாது" என்று கிண்ணத்தைத் தட்டினேன். மற்ற அணி நூறு என்றது. ஒரு புள்ளியில் அவளுடைய அணி தோற்றது.

எல்லாரும் போன பிறகு நான் கிண்ணத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். அழவில்லை. விளக்கம் சொல்ல வந்திருந்தாள். அவளுடைய அக்கா கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாளாம். அங்கே பருப்பு திரும்பிப் பார்ப்பதற்குள் மசிந்துவிடுகிறதாம். இங்கே அம்மா விறகை அள்ளி அள்ளிப் போட்டாலும் பொழுது போகிறது. "அங்கே கொதிக்கிற தண்ணீருக்குச் சூடு கூட இருக்குமோ என்றுதான் கேட்டேன் சேர்." நான் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். என்ன சொன்னேன் என்பதைக் கொப்பியில் எழுதவில்லை.

பிறகு பௌதிகம் படிப்பித்த நண்பரிடம் கேட்டேன். உயரப் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மேலே அழுத்துகிற காற்று குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகக் கிளம்பிவிடுகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலை இறங்குகிறது. கொதிக்க ஆரம்பித்த பிறகு எவ்வளவு விறகு போட்டாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது, ஆவியாகத்தான் போகும். பிரஷர் குக்கர் செய்வதெல்லாம் ஆவியை உள்ளே அடைத்து அந்த அழுத்தத்தைத் திருப்பித் தருவதுதான். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆய்வுகூடத்து வெப்பமானியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், தெரிந்தவர் வீட்டு அடுப்பில் சட்டியை வைத்தேன். குமிழி தளதளவென்று வந்தது. வெப்பமானியின் பாதரசம் 94 இல் நின்றது. விறகைத் தள்ளினேன். 94. வெப்பமானியை உதறிவிட்டு மறுபடி வைத்தேன். 94. அந்த வீட்டு அம்மா, "சேர் என்ன செய்கிறார்?" என்று கணவரிடம் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

கொப்பியில் அந்தப் பிள்ளையின் விடை இருந்த வரியை அடித்திருக்கிறேன். அதற்குக் கீழே என் கேள்வியை எழுதிப் பிழை போட்டிருக்கிறேன்.

இனி உங்கள் கேத்தல். கண்டியில் இருந்து கேட்பவர்களுக்கு ஏறத்தாழ 98. அட்டனிலும் பண்டாரவளையிலும் 96. நுவரெலியாவில் 94. கொழும்பில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு மட்டும் 100. மேலே இருப்பவர்கள் இன்றிரவு பருப்பு வேகவில்லை என்று வீட்டில் யாரையும் ஏச வேண்டாம். வணக்கம்.