ஸ்டான்ஃபோர்டின் முதல் மாணவருக்கு 413வது இடம்! ஆன்லைன் படிப்பு யாருக்குப் பலிக்கும்?

வணக்கம் மக்களே. 2011ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் ஒன்றை இலவசமாக ஆன்லைனில் திறந்துவிட்டது. வளாக மாணவர்களையும் வெளியாட்களையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், ஸ்டான்ஃபோர்டின் முதல் மாணவருக்குக் கிடைத்தது 413வது இடம்! சொன்னவர் பாடம் நடத்திய செபாஸ்டியன் துருனேதான்.

சேர்ந்தவர்கள் சுமார் 1,60,000 பேர். முடித்தவர்கள் 23,000 அளவில். ஆனால் செய்திகளில் கொட்டை எழுத்தில் வந்தது எது என்று நான் சொல்லவே வேண்டாம். துருன் யுடாசிட்டி என்ற ஆன்லைன் படிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்.

(திரையில்: கலிஃபோர்னியா, 2013)

இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டியோடு கை கோத்தது. ஆளுநர் ஜெர்ரி பிரவுனே வந்து நின்று அறிவித்தார். அடிப்படைக் கணக்கு, அல்ஜீப்ரா, புள்ளியியல் என மூன்று பாடங்கள். ஒன்றுக்கு 150 டாலர். சேர்ந்தது யார்? கணக்கில் ஏற்கெனவே கோட்டை விட்டவர்கள், ஏழை வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள். சிலர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆன்லைன் வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அல்லவா அது!

ரிசல்ட் வந்தது. புள்ளியியலில் சுமார் பாதிப் பேர் தேறினார்கள். மூன்றில் அதுதான் அதிகம். அடிப்படைக் கணக்கில் நாலில் ஒருவர் அளவுக்குத்தான். ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அதற்குள் தொடங்கியிருந்த கோடைக்கால வகுப்பின் ரிசல்ட் மட்டும் பிரமாதம். எப்படி? இந்த முறை சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டதாரிகள்! நீச்சல் தெரிந்தவனைக் கிணற்றில் இறக்கிவிட்டு, 'பார்த்தீர்களா, எங்கள் கிணறு எப்படி நீச்சல் சொல்லித்தருகிறது' என்பதுபோல இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டின் முதல் மாணவரை முந்திய அந்த 412 பேர் விஷயத்திலும் எனக்கு இதே சந்தேகம்தான். அவர்கள் எங்கே விட்டாலும் படித்திருப்பார்கள்.

சரி, ஆளைப் பொறுத்ததா, முறையைப் பொறுத்ததா? 2020ல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி, பொருளாதார மாணவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல ஆன்லைன், நேரடி என்று பிரித்துப் பார்த்தது. ஆன்லைன் பக்கம் மதிப்பெண் குறைந்தது. ராணுவக் கட்டுப்பாட்டில் வளர்கிற பிள்ளைகளே கவனம் நிற்கவில்லை என்றார்கள். நாமெல்லாம் எந்த மூலைக்கு?

அதனால்தான் எனக்கு நம்ம ஊர் ஆன்லைன் பாடத் திட்டமான என்பிடெல் பிடிக்கும். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்ஸியும் சேர்ந்து தொடங்கியது. வீடியோ இலவசம், வீட்டிலேயே பார்க்கலாம். ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் பணம் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். தேர்வுக்கு 75 மதிப்பெண், வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25. பாடம் ஆன்லைன், பயம் ஆஃப்லைன்! பணம் கட்டியாயிற்று, தேதி குறித்தாயிற்று என்றால்தான் நம் ஆட்கள் வீடியோவை இரண்டு மடங்கு வேகத்திலாவது ஓட்டுகிறார்கள். அந்தத் தேதியை எடுத்துவிட்டால் பாதி வகுப்பு காலி என்பது என் கட்சி.

ஓட்டை இல்லாமல் இல்லை. அந்த 25 மதிப்பெண்ணுக்கான விடைகள் டெலிகிராம் குழுக்களில் எப்படிச் சுற்றுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். என்பிடெல் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், எல்லா வாரமும் நீங்களே போட்டீர்களா என்று கமெண்டில் சொல்லுங்கள். புனைபெயரில் வந்தாலும் சரி.