கைவிட்ட வலைகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சமூக மன்றச் செயற்குழு உறுப்பினர்களே, உடல்நலக் குறைவையும் பொருட்படுத்தாது தோ பாயோவிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தமிழாசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய அம்மையார் என் நேரத்திலும் சிறிது எடுத்துக்கொண்டார்; அழகாகப் பேசியதால் வழக்கில்லை.

கடலைக் காப்பதில் பொதுமக்களின் பங்கு பற்றிக் கரை, மீன், வலை என்று மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியுள்ளேன். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். 2001இல் நம் சிங்கப்பூரின் உபின் தீவில் உள்ள செக் ஜாவா கரையைத் தூர்த்து நிலமாக்கவிருந்தபோது, இயற்கை ஆர்வலர்களும் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் தாழ்நீர் நேரம் பார்த்துச் சென்று, அங்குள்ள உயிர்களைப் பதிவுசெய்து, அரசுக்கு எழுதினார்கள். ஆண்டு முடியுமுன் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

மீனுக்கு முன் வலையைச் சொல்லிவிடுகிறேன். கிராஞ்சிப் பக்கச் சதுப்பில், யாரோ விட்டுச்சென்ற நைலான் வலையில் குதிரைலாட நண்டு ஒன்று மல்லாந்து கிடந்தது. உடன் வந்த பெரியவர் குனிந்து பார்த்து, "தம்பி, குழம்புக்கு ஆகுமா?" என்றார். "ஐயா, சதுப்பில் வாழும் இந்த வகையைத் தின்று இறந்தவர்களே உண்டு" என்றேன். மனிதர் இரண்டடி பின்வாங்கி, "அப்படியானால் எதற்கு ஐயா இது?" என்றார். நியாயமான கேள்வி! செம்பு கலந்த அதன் நீல இரத்தம் பாக்டீரியா நச்சு பட்டால் உறைந்துவிடும் என்பதால், ஊசிமருந்துகளின் தூய்மையைச் சோதிக்க உலகமே குதிரைலாட நண்டுகளின் இரத்தத்தை நம்பியிருந்தது. நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜியாக் லிங், ஹோ போ தம்பதியர்தாம் இதே சதுப்பு நண்டின் மரபணுவைக் கொண்டு, இரத்தம் எடுக்காமலே சோதிக்க வழி கண்டார்கள். அதைக் கேட்ட பெரியவர், "சரி, கத்தரிக்கோல் எங்கே?" என்று கேட்டு வலையை அறுக்க உட்கார்ந்துவிட்டார்.

கைவிட்ட வலைக்கு ஓய்வில்லை. நைலான் எளிதில் மட்காது. சிக்கிய மீன் இரையாகி நண்டை இழுக்கும், நண்டும் சிக்கும். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி எண்ணெய் கசிந்தபோது கரைக்குத் திரண்டுவந்த தொண்டூழியர்களை நாடே கண்டது. வலைக்கு அந்தக் கூட்டம் வருவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றேன். நம் ஊர் இன்னும் கூடவில்லை.

தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் மீனை இன்னொரு மேடைக்கு விடுகிறேன். வலை அகற்ற வருவோருக்கான பெயர்ப்பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. கோவில் நிர்வாகத்தினரும் தமிழ் அமைப்புகளும் தலைக்கு ஐந்து பேரையாவது தாருங்கள். பயிற்சி பெற்ற குழுவோடுதான் சேற்றில் இறங்குவோம், கையுறை நாங்கள் தருகிறோம், பழைய காலணி நீங்கள் கொண்டுவாருங்கள்.