சம்பளமில்லாத நூறு குரல்கள்: ஒரு பேராலய இசைவிழா இயங்கும் விதம்

[திரையில்: இங்கிலாந்தின் வூஸ்டர் பேராலயம். உள்ளே மேடை நிறைய ஆட்கள், கையில் இசைப்பிரதிகள்.]

இந்த மேடையில் யார் யாருக்குச் சம்பளம் என்று முதலில் பார்த்துவிடலாம். முன்னால் அமர்ந்திருக்கும் வயலின்காரர்களுக்கு உண்டு. அவர்கள் ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவினர். 2012 முதல் இந்த விழாவுக்குத் தொடர்ந்து வருகிறார்கள். நால்வராக நிற்கும் தனிப்பாடகர்களுக்கும் உண்டு. கையில் கோலுடன் நிற்கும் நடத்துநருக்கும் உண்டு. (நடத்துநர் என்றதும் டிக்கெட் கிழிப்பவர் நினைவுக்கு வந்தால் அது என் குற்றமல்ல.) அவர்களுக்குப் பின்னால், படிப்படியாக உயரும் பலகைகளில், கறுப்பு உடையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நிற்கிறார்களே, அவர்களுக்கு?

ஒரு காசு கிடையாது. பள்ளியிலோ மருத்துவமனையிலோ கடையிலோ வேலை பார்ப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களும் கலந்த கூட்டம் அது. ஆனால் அவர்கள் வாய் திறக்கவில்லை என்றால் இந்த விழாவே இல்லை.

[திரையில்: வரைபடம். மூன்று நகரங்கள் புள்ளிகளாக.]

விழாவின் பெயர் 'த்ரீ கொயர்ஸ் ஃபெஸ்டிவல்', அதாவது மூன்று பாடகர் குழுக்களின் விழா. ஹெரிஃபோர்டு, குளோஸ்டர், வூஸ்டர் ஆகிய மூன்று பேராலய நகரங்களும் ஆண்டுக்கு ஒன்றாக முறைவைத்துக் கோடையில் இதை நடத்துகின்றன. (வூஸ்டரை ஆங்கில எழுத்துக்கூட்டி வாசித்தால் 'வோர்செஸ்டர்' என்று வரும். உள்ளூர்க்காரர் முன்னால் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.) 1715ஐத் தொடக்கமாகக் கொண்டு, 2015இல் முந்நூறாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். இரண்டு உலகப் போர்களின்போது விழா நின்றது. 2020இல் கொரோனாவால் நின்றது. மற்றபடி ஓட்டம் தொடர்கிறது.

தொடக்கத்தில் மூன்று பேராலயங்களின் பாடகர்கள் கூடிப் பாடிய சந்திப்புதான் இது. வசூல், இறந்துபோன குருமார்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போனது. பேராலயத்துக்குள் வழிபாட்டு இசை மட்டும். பெரிய கச்சேரிகள் ஊர் மண்டபங்களில். 1759இல் ஹெரிஃபோர்டில் அந்த வழக்கம் மாறியது. இசையமைப்பாளர் ஹாண்டலின் 'மெசையா' என்ற பெரிய பாடகர் குழுப் படைப்பு பேராலயத்துக்குள்ளேயே பாடப்பட்டது. ஹாண்டல் அதே ஆண்டு ஏப்ரலில்தான் இறந்திருந்தார்.

அங்கிருந்து பிரச்சினையும் தொடங்கியது. 'மெசையா' போன்ற படைப்புக்கு ஒரு பேராலயத்தின் பத்திருபது பாடகர்கள் போதவே மாட்டார்கள். கூட்டம் வேண்டும். கூட்டத்துக்குக் கூலி கொடுத்தால் விதவைகளுக்கு மிஞ்சுவது ஒன்றுமிராது. நட்டம் வந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் பையிலிருந்துதான் ஈடுகட்டினார்கள். இங்கிலாந்தின் வடக்கிலிருந்து பாடகர்களை வரவழைத்த காலமும் உண்டு. கடைசியில் விழா உள்ளூர்க்காரர்களின் தொண்டையில் வந்து நின்றது.

ஆனால் உள்ளூர்க்காரருக்கு இசைப்பிரதி வாசிக்கத் தெரிய வேண்டுமே?

[திரையில்: ஐந்து கோட்டு இசைக்குறி. பக்கத்தில் d r m f s l t என்ற எழுத்து வரிசை.]

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்து இதற்கு இரண்டு வழி கண்டது. ஒன்று, மலிவுப் பதிப்பு. நொவெல்லோ பதிப்பகம் பெரிய படைப்புகளின் பாடகர் பிரதிகளைச் சிறிய அளவில், தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் அச்சிட்டது. இரண்டாவது வழி நமக்கு இன்னும் நெருக்கமானது. நாரிச் நகரத்தைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை, கோடுகளே இல்லாமல் ஸ்வரங்களை எழுத்துகளால் எழுதும் முறை ஒன்றை உருவாக்கினார். ஜான் கர்வன் என்ற போதகர் அதைத் திருத்திப் பரப்பினார். 'டோனிக் சோல்ஃபா' என்று பெயர். சாதாரண அச்செழுத்தாலேயே அச்சிட்டுவிடலாம், தனி அச்சு வேண்டாம். இதில் 'டோ' ஒரே சுருதியில் நிலைத்து நிற்பதில்லை. பாட்டின் சுருதி எங்கே இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் ஷட்ஜம் போல என்று சொன்னால் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மிஷனரிகளோடு கப்பலேறி வந்த இந்த முறையைத் தென்னிந்தியத் திருச்சபைகளின் கொயர்களில் இன்றும் பார்க்கலாம். இங்கிலாந்தில்தான் பெரும்பாலானவர்கள் ஐந்து கோட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

இப்போது உள்ளே சேர வேண்டுமென்றால் குரல் தேர்வு உண்டு. சோப்ரானோ, ஆல்டோ (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்) என்று நான்கு பிரிவுகள். ஆண்கள், அதிலும் டெனர், எந்தக் குழுவுக்கும் எப்போதும் பற்றாக்குறை. நல்ல டெனர் ஒருவர் கிடைத்தால் விடமாட்டார்கள். மூன்று நகரத்தாரும் அவரவர் ஊரில் மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு, பிறகு ஒன்றுகூடிப் பாடிப் பார்க்கிறார்கள். விழா வாரத்தில் ஒரு பெரிய படைப்பை இரவில் பாடி முடித்தால் மறுநாள் இன்னொன்றின் ஒத்திகை காத்திருக்கும்.

[திரையில்: பேராலயக் கூரை. கீழே ஒருவர் ஒருமுறை கைதட்டுகிறார். ஓசை அடங்கும்வரை கேமரா நகரவில்லை.]

கேட்டீர்களா? ஒரு கைதட்டல் அடங்க இவ்வளவு நேரம். காலியாக இருக்கும் பெரிய பேராலயத்தில் ஓர் ஓசை கரைந்து முடிய நான்கைந்து விநாடி ஆகும். சிலவற்றில் அதற்கும் மேலே. கல் ஓசையை விழுங்காது, திருப்பி அனுப்பும். மனிதர்கள்தான் விழுங்குவார்கள், அதாவது அவர்களுடைய உடைகள். அதனால் பிற்பகலில் வெறும் நாற்காலிகள் முன்னால் ஒத்திகை பார்த்த கட்டடம் வேறு, மாலையில் ஆயிரம் பேர் வந்து உட்கார்ந்த கட்டடம் வேறு.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஓசை விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையின் பின்வரிசையிலிருந்து முன்னால் உள்ள வாத்தியங்கள் 34 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாத்திய ஓசை பாடகர் காதை எட்ட 0.1 விநாடி. அது என்ன பெரிய தாமதம் என்கிறீர்களா? 'மெசையா'வில் விநாடிக்கு ஆறு ஸ்வரம் உருண்டோடும் இடங்கள் உண்டு. அங்கே 0.1 விநாடி என்றால் அரை ஸ்வரத்துக்கும் மேல். காதால் கேட்டுப் பாடுகிறவர், கேட்கும்போதே பிந்திவிட்டார். அவர் குரல் திரும்பி நடத்துநரை அடையும்போது பிந்தல் இரட்டிப்பாகிவிடும். எனவே காதை நம்பாதே, கோலைப் பார் என்பதுதான் பின்வரிசையின் சட்டம். ஆண்டுக்கணக்கில் காதைத் தீட்டியவர்களிடம், இப்போது காதை நம்பாதே என்று சொல்வதில் ஒரு கொடுமை இருக்கத்தான் செய்கிறது.

அடுத்தது மூச்சு. இருபது விநாடி நீளும் ஒரு ஸ்வரத்தை நூறு பேர் பிடிக்கிறார்கள், எங்கும் அறுபடுவதில்லை. ஒவ்வொருவரும் நடுவில் மூச்சு வாங்குகிறார்கள், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. பக்கத்திலிருப்பவர் வாங்கும்போது நான் வாங்கக் கூடாது. சொல் முடியும் இடத்திலும் கூடாது, ஏனென்றால் எல்லோருக்கும் அங்கேதான் வாங்கத் தோன்றும். உயிரொலியின் நடுவில் நழுவி வெளியேறி, மூச்சு வாங்கி, சத்தமில்லாமல் திரும்பி நுழைய வேண்டும். தனிப்பாடகர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் அவரால் இதைச் செய்ய முடியாது.

பிறகு 'ஸ்'. சொல்லின் கடைசியில் வரும் அந்த ஒலியை நூறு பேர் கொஞ்சம் முன்னே பின்னே விட்டால், பேராலயம் முழுக்கப் பிரஷர் குக்கர் ஆவி விடுகிற சத்தம். பல குழுக்களில் வரிசைக்குச் சிலரை மட்டும் 'ஸ்' சொல்ல விட்டு மற்றவர்களை விழுங்கச் சொல்லிவிடுவார்கள். விழுங்கியவர்கள் யார் என்று சபைக்குத் தெரியாது.

[திரையில்: எட்வர்ட் எல்கரின் புகைப்படம்.]

இதெல்லாம் சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆங்கில இசையமைப்பாளர் சாட்சி. தந்தைக்கு வூஸ்டரில் இசைக் கடை. 1884இல் செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக் வூஸ்டர் பேராலயத்துக்கு வந்து தம் படைப்பை நடத்தியபோது, வயலின் வரிசையில் இருந்த இளைஞர்களில் எல்கரும் ஒருவர். 1900இல் அவருடைய 'ஜெரான்டியஸின் கனவு' பர்மிங்காம் விழாவில் அரங்கேறியது. பாடகர்களைப் பயிற்றுவித்தவர் சில மாதம் முன்பு இறந்துபோனார். ஓய்வுபெற்றிருந்த ஒருவரை அவசரமாக அழைத்தார்கள். அச்சுப்பிரதிகள் தாமதம், நடத்துநர் கைக்கு முழுப்பிரதி வந்ததும் தாமதம். அன்று குழுவின் சுருதி இறங்கியது, எல்கர் உடைந்துபோனார். தவறு பாடகர்களுடையது என்று எழுதுகிறவர்கள் உண்டு. கைக்குப் பிரதி வராத கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1902இல் அதே படைப்பு வூஸ்டர் பேராலயத்துக்கு வந்தது, எல்கரே நடத்தினார். ஆனால் ஒரு சிக்கல். பாடல் வரிகள் கத்தோலிக்கக் கவிதை. மரியாளும், இறந்தவர்களின் ஆன்மா தூய்மையடையும் உத்தரிக்கும் ஸ்தலமும் அதில் வருகிறார்கள். பேராலயமோ ஆங்கிலிக்கன், அதாவது கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த இங்கிலாந்துத் திருச்சபையுடையது. சில சொற்களை வெட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. குளோஸ்டரில் 1910 செப்டம்பர் 6 அன்றும் எல்கர் இதை நடத்தினார். அதே மாலையில்தான் வாகன் வில்லியம்ஸ் என்ற இசையமைப்பாளர், டாலிஸ் என்ற பழைய இசையமைப்பாளரின் மெட்டை வைத்துத் தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய 'டாலிஸ்' கற்பனையை முதன்முதலாக வாசிக்க வைத்தார். பெரிய தந்திக்குழு ஒன்று பேச, சிறிய குழு ஒன்று தூரத்திலிருந்து எதிரொலி போலப் பதில் சொல்லும். பாடகர்கள் இத்தனை பாடுபட்டுச் சமாளிக்கும் அதே எதிரொலியை அவர் கூலியில்லாத வாத்தியக்காரராகவே சேர்த்துக்கொண்டார்.

[திரையில்: கச்சேரி முடிந்த மேடை.]

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இந்த விழாவில் கைதட்டக் கூடாது, அது இறைவீடு. எனவே சம்பளமும் இல்லை, கைதட்டலும் இல்லை. கடைசி ஸ்வரம் கூரையில் கரைந்ததும், வயலின் பெட்டிகளை மூடும் ஓசைக்கும் நாற்காலிகள் நகரும் ஓசைக்கும் நடுவே அந்த நூறு பேரும் பலகைப் படிகளிலிருந்து மெல்ல இறங்கி, மழை பெய்கிறதா என்று வாசலில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இப்போது தட்டுகிறார்கள். மழை பார்ப்பது மட்டும் மாறவில்லை.