இரண்டு வெந்நீர்ப் பாத்திரங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குளித்தலைப் பக்கத்தில் ராஜேந்திரம் என்னும் சிற்றூரில் 1899ஆம் ஆண்டு பிறந்து, 1994 ஏப்ரல் 13ஆம் நாள் திருவல்லிக்கேணியில் தம் இல்லத்தில் கண்மூடிய ஜானகி அம்மாளை நினைவுகூரவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். கணிதமேதை இராமானுஜனின் மனைவி என்ற ஒரே தொடரில் அவரைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அது எனக்கு நெடுநாளாகவே மனக்குறை.

அவருக்குத் திருமணம் நடந்தது 1909இல், பத்து வயதில். அக்கால வழக்கப்படி மேலும் சில ஆண்டுகள் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டு, 1912 வாக்கில்தான் புகுந்த வீட்டுக்கு வந்தார். 1914 மார்ச்சில் கணவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். அங்கிருந்து இவருக்கும் இங்கிருந்து அவருக்கும் எழுதிய கடிதங்கள் கைக்குக் கைச் சேராமல் போன கதையை இங்கு விரித்துரைக்க எனக்கு மனமில்லை. 1919 மார்ச்சில் உடல் நலிந்து திரும்பிய கணவர், 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் மறைந்தார். இருவரும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த காலம் முழுவதையும் கூட்டினாலும் மூன்று ஆண்டுகளே தேறும். அதன்பின் ஏறத்தாழ 74 ஆண்டுகள் அவர் தனித்து நின்று வாழ்ந்தார்.

கணவருடைய அந்தக் கடைசி ஓராண்டைப் பற்றி ஜானகி அம்மாளே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுப்பதும், மார்பிலும் கால்களிலும் வலி கண்டபோதெல்லாம் வெந்நீர் காய்ச்சி ஒத்தடம் கொடுப்பதும் அவருடைய பணிகள். அந்தப் பணிவிடை தமக்குக் கிடைத்த பாக்கியம் என்றே அவர் கருதினார். வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமைக் காலம்வரை தம்மிடமே வைத்திருந்தார். பல வீடுகள் மாறியும், ஊர் மாறிப் பம்பாய்வரை சென்று திரும்பியும், அந்த இரண்டு பாத்திரங்களை மட்டும் அவர் கைவிடவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

21 வயதில் கைம்பெண்ணான ஒருத்திக்கு அந்நாளில் விதிக்கப்பட்டிருந்த வாழ்க்கை எது என்பதை இந்த அவையிலுள்ள மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜானகி அம்மாள் பம்பாயில் சகோதரர் வீட்டில் சில ஆண்டுகள் தங்கினார், தையல் கற்றுக்கொண்டார். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறி, பல்கலைக்கழகம் அளித்த சிறு உதவித்தொகையையும் தம் தையல் வருமானத்தையும் கொண்டு குடும்பத்தை நடத்தினார். யார் கையையும் எதிர்பாராமல், அளவெடுத்து, வெட்டி, தைத்து, கூலி வாங்கி, அந்தக் கூலியில் அடுப்பு மூட்டிய வாழ்க்கை அது. தியாகம் என்னும் சொல்லால் அதைப் போர்த்திவிடக் கூடாது என்பது என் கருத்து. அது உழைப்பு, அன்றாடம் கண் வலிக்கச் செய்த உழைப்பு.

1950இல், தாயை இழந்து நின்ற தோழியின் சிறு மகனை அவர் தம் மகனாக ஏற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. பேரன் பேத்தி எடுக்கும் வயதில், நிலையான பெரிய வருமானம் எதுவுமின்றி, ஒரு பிள்ளையைப் படிக்க வைத்து ஆளாக்கினார். அந்தப் பிள்ளை வங்கி அதிகாரியாகி, திருமணம் செய்து, மக்களைப் பெற்று, முதுமையில் தாயை உடனிருந்து பார்த்துக்கொண்டார். பெற்ற பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பேரக் குழந்தைகளின் குரல் கேட்டது. அந்தக் குடும்பத்தின் ஆணிவேர் இவர்தான்.

கணவருக்கு ஒரு சிலை வைப்பதாகச் சொன்னார்களே, அது எங்கே என்று அவர் 1980களின் தொடக்கத்தில் கேட்டார். தமக்கென்று எதையும் கேளாதவர் கேட்ட கேள்வி அது. அதைக் கேள்விப்பட்ட அமெரிக்கக் கணிதர் ரிச்சர்ட் ஆஸ்கி பல நாட்டுக் கணிதர்களிடம் பொருள் திரட்ட, பால் கிரான்லுண்ட் என்னும் சிற்பி இராமானுஜனின் கடவுச்சீட்டுப் புகைப்படத்தைப் பார்த்து மார்பளவுச் சிலை வடித்தார். அச்சிலை திருவல்லிக்கேணி வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

நோயின் நடுவிலும் இராமானுஜன் எழுதிக் குவித்த தாள்கள் 1923இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து இங்கிலாந்தில் அவருடன் ஆய்வு செய்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பப்பட்டு, பின்னர் கண்ணில் படாமல் கிடந்து, 1976இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. 1987 டிசம்பர் 22, இராமானுஜனின் நூற்றாண்டு நாளன்று, அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் சென்னையில் நூலாக வெளியிடப்பட்டன. பிரதமர் ராஜீவ் காந்தி முதல் பிரதியை அளித்தது ஜானகி அம்மாளுக்கு. அடுத்த அறையில் வெந்நீர் கொதிக்க, அவர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் எழுதப்பட்ட பக்கங்கள், 67 ஆண்டுகள் கழித்து அவர் கைக்கே திரும்பி வந்தன.