அப்பாவின் வலது தோள்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். மணி ஆறாகப் போகிறது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஆலைக்குப் போகிற நேரம் இது, இடையில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் சமையலும் தோட்டத்துக் கதையும்தான் போடுவேன். போன மாதம் போட்ட காணொளியில் அப்பா சட்டையில்லாமல் பின்னால் நடந்து போனார். அதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன தோல் வியாதி, தொட்டால் ஒட்டிக்கொள்ளுமா என்று பல பேர் கேட்டீர்கள். அப்பாவிடமே போய்ச் சொன்னேன். "சொல்லும்மா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார். அவர் சரி என்றதால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

முதல் பதில்: ஒட்டாது. தொட்டாலும், ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. அப்பாவுக்கு இருப்பது சொரியாசிஸ். சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். இதற்குக் கிருமியும் காரணமில்லை, அழுக்கும் காரணமில்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தோலுக்குள் ஓயாமல் அழற்சியை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. நம் மேல்தோலின் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர்வதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை நான்கைந்து நாளில் நடக்கிறது. உதிர்ந்து போக நேரமில்லாமல் அடுக்கடுக்காக ஏறி, வெள்ளையாகச் செதில் கட்டி நிற்கும். அம்மா காலையில் பாயைச் சுருட்டிவிட்டுக் கூட்டி அள்ளுவது அந்தச் செதிலைத்தான். வெள்ளை மாவு கொட்டிய மாதிரி இருக்கும். அதைப் பார்த்தபடியே நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போவேன்.

அப்பா பால்மரம் வெட்டியவர். இன்றைக்குச் செம்பனையாக நிற்கிற இந்த நிரையெல்லாம் அன்றைக்கு ரப்பர். வெட்டி முடித்துப் பாலைச் சேர்த்து, காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் வாளியை மாட்டி, வலது தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் கொட்டகைக்குப் போவார். அவருக்கு 34 வயதில் முழங்கையிலும் முழங்காலிலும் படை வந்தது. ஒரு வருடம் போவதற்குள் வலது தோளிலும் வந்துவிட்டது. இடது தோள் சுத்தமாக இருந்தது. வலது தோளில் மட்டும், கம்பு உட்காரும் இடத்தில், கம்பின் அகலத்துக்கே ஒரு பட்டை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரப்பர் பால் பட்டு ரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள். முனியாண்டி குத்தம் என்றார்கள். அப்பாவும் கோழி அறுத்தார், கருவாடு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டார். பட்டை போகவில்லை.

எத்தனையோ வருடம் கழித்து ஈப்போவில் தோல் மருத்துவப் பிரிவுக்கு அழைத்துப் போனேன். நம் பிள்ளைதான், இளம் டாக்டர். அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் நிற்க வைத்துப் பார்த்தார். முதலில் கேட்ட கேள்வி: "ஐயா, இந்தத் தோளில் என்ன தூக்கினீங்க?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அதுவரை எந்த டாக்டரும் கேட்காத கேள்வி அது. அவர் காண்டாக் கம்பைப் பற்றிச் சொல்லச் சொல்ல, டாக்டர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். அப்புறம் எங்களுக்கு விளக்கினார். 1872-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் கெப்னர் இதைத்தான் எடுத்துச் சொன்னார். அவரிடம் வந்த சொரியாசிஸ் நோயாளிக்குக் குதிரை கடித்த இடத்திலும் பச்சை குத்திய இடத்திலும் படை வந்திருந்தது. சொரியாசிஸ் உள்ளவருக்குத் தோலில் காயமோ ஓயாத உரசலோ ஏற்பட்டால், அந்த இடத்திலேயே புதுப் படை கிளம்பலாம். இதற்கு இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். முனியாண்டியையும் கத்தரிக்காயையும் விடுங்கள், அப்பாவின் தோளில் இருந்தது அவர் சுமந்த சுமையின் தடம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அப்பா அந்தத் தோளைத் தடவிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த வியாதியின் காரணத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்த வழி எனக்குப் பெரிய ஆச்சரியம். ரொம்ப காலம் இதை மேல்தோல் செல்லின் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார்கள். சைக்ளோஸ்போரின் என்று ஒரு மருந்து. நோர்வே நாட்டு மண்ணில் எடுத்த பூஞ்சையிலிருந்து வந்தது, மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுப்பது. அதை மூட்டுவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, சொரியாசிஸும் இருந்தவர்களுக்குத் தோல் தெளிந்தது. 1979-இல் வெளிவந்த சின்னக் குறிப்பு அது. நோயாளிகள் நாலே பேர். அந்த மருந்து டி செல் என்கிற எதிர்ப்புச் செல்லை அடக்குவது. டி செல்லை அடக்கினால் தோல் ஆறுகிறது என்றால் கோளாறு அங்கேதானே தொடங்க வேண்டும்? மருந்து வேலை செய்த விதமே நோயின் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போய் இன்டர்லூகின்-23, இன்டர்லூகின்-17 என்கிற இரண்டு புரதங்களைப் பிடித்தார்கள். எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பவும், தோல் செல்லைத் தூண்டிவிடவும் இவற்றைத்தான் பயன்படுத்துகின்றன. இன்றைய ஊசி மருந்துகள் பலவும் குறி வைப்பது இந்தச் சேதியைத்தான்.

இப்போது அந்த வெள்ளை டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது இன்னும் வயிறு எரிகிறது.

ஈப்போவுக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் ஒருவர் கிரீம் விற்றார். உள்ளங்கைக்குள் அடங்குகிற டப்பா, லேபிள் கிடையாது, 15 வெள்ளி. மூலிகை என்றார். அப்பா தடவினார். ஒரே வாரத்தில் முழங்கை பளபளவென்று ஆகிவிட்டது. வீடே சந்தோஷப்பட்டது, நான் போய் இன்னும் நாலு டப்பா வாங்கி வந்தேன். எட்டு மாதம் உடம்பு முழுக்கத் தடவினார். தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து நரம்பு தெரிந்தது. பிறகு அந்த ஆள் வருவதை நிறுத்திவிட்டார், கிரீமும் நின்றது. பத்தே நாளில் அப்பாவுக்கு உடம்பெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, குளிர் எடுத்து நடுங்கினார். வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று.

டாக்டர்கள் அதில் கடுமையான ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் மருந்து, இருந்திருக்கும் என்றார்கள். ஸ்டீராய்டு கெட்ட மருந்து கிடையாது, இதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். 1952-இல் தோலுக்கு ஹைட்ரோகார்டிசோன் என்கிற ஸ்டீராய்டு வந்தபோது தோல் மருத்துவமே மாறியது. இன்றைக்கும் டாக்டர்கள் ஸ்டீராய்டை எழுதிக் கொடுக்கிறார்கள். எவ்வளவு வீரியம், உடம்பில் எந்த இடம், எத்தனை நாள் என்ற கணக்கு அதற்கு உண்டு. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவுக்குப் போதும். அந்தக் கணக்கு எதுவுமே லேபிள் இல்லாத டப்பாவில் இல்லை. மலேசியாவில் பதிவான மருந்து என்றால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண் இருக்கும். வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். யாராவது ஏற்கெனவே இப்படி ஒரு கிரீமைத் தடவிக்கொண்டிருந்தால், சட்டென்று நிறுத்தாமல் டப்பாவோடு கிளினிக்குக்குப் போங்கள்.

"எங்க மாமாவுக்கு அந்தக் கிரீம் கேட்டதே, உங்க அப்பாவுக்கு ஏன் கேட்கல?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சொரியாசிஸ் தானாகவே கூடும், தானாகவே குறையும். குறைகிற நேரத்தில் எதைத் தடவினாலும் அதுதான் மருந்து மாதிரித் தெரியும். அதனால்தான் மருத்துவ ஆய்வில் ஒரு பகுதிப் பேருக்கு மருந்தே இல்லாத ஊசி போடுகிறார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. செக்குகினுமாப் என்கிற ஊசியை 1306 பேரிடம் சோதித்த ஒரு ஆய்வு 2014-இல் வெளிவந்தது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், கூடுதல் அளவு மருந்து போட்டவர்களில் 77% பேருக்கு நோயின் கடுமை முக்கால்வாசியாவது குறைந்திருந்தது. வெறும் ஊசி போட்டவர்களில் சுமார் 5% பேருக்கும் அதே அளவு குறைந்திருந்தது. அந்த 5% பேரில் ஒருவர் நம் லயத்தில் இருந்திருந்தால் ஊர் முழுக்க அவர் பேச்சுத்தான் ஓடியிருக்கும்.

இந்த ஆய்வுகளில் கடுமையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? சிவப்பு, தடிப்பு, செதில், எவ்வளவு இடம் என்று பார்த்து 0 முதல் 72 வரை ஒரு எண் போடுவார்கள். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாக, கருஞ்சாம்பலாகத் தெரியும். பெரிய ஆய்வுகளில் பெரும்பாலோர் வெள்ளைத் தோல்காரர்கள், புத்தகத்துப் படங்களும் அப்படித்தான். அப்பாவுக்கு முதல் சில வருடம் தேமல் மருந்து கொடுத்து அனுப்பினார்கள் என்றால், இதுவும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். நம்மைப் போன்றவர்கள் ஆய்வில் இருந்தால்தான் நம் தோலும் படிக்கப்படும்.

இன்னொரு அளவுகோலும் உண்டு, அது எனக்குப் பிடித்தது. 1994-இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்கிற இருவர் உருவாக்கிய பத்துக் கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு அரித்தது, எவ்வளவு கூச்சமாக இருந்தது, கடைக்குப் போவதைத் தடுத்ததா, எந்த உடை உடுத்துவது என்பதை மாற்றியதா என்று கேட்கும். மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் வாழ்க்கையை ரொம்பவே பாதிக்கிறது என்று பொருள். நர்ஸ் கேட்கக் கேட்க அப்பா பதில் சொன்னார். உடை பற்றிய கேள்வி வந்ததும் பேசாமல் இருந்தார். என் அக்கா கல்யாணத்தில் மத்தியான வெயிலில் முழுக்கைச் சட்டையோடு நின்றவர் அவர். தைப்பூசத்துக்குக் காவடி தூக்குவதை நிறுத்தியதும் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்றுதான். எங்களிடம் இடுப்பு வலி என்றார். அன்றைக்கு அவருக்கு வந்த எண் 24.

சரி, குழந்தைகளுக்கு வரும் கரப்பான் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். கரப்பான் என்கிற எக்ஸிமா வேறு வியாதி. அதில் தோலின் வேலியே பலவீனம். 2006-இல் டண்டீ பல்கலைக்கழகத்தின் இர்வின் மெக்லீன் குழு, தோலின் மேலடுக்கைக் கட்டிக் காக்கும் ஃபிலாக்ரின் என்கிற புரதத்தின் மரபணுக் குறையை இதனோடு இணைத்துக் காட்டியது. அப்படியானால் பிறந்ததிலிருந்தே தினமும் ஈரப்பசைக் கிரீம் தடவினால் வராமல் தடுக்கலாமே என்று பிரிட்டனில் 1394 குழந்தைகளிடம் பார்த்தார்கள். இரண்டு வயதில் தடவியவர்களில் 23%, தடவாதவர்களில் 25% பேருக்கு எக்ஸிமா. வித்தியாசமே இல்லை. ஆனால் வந்த பிறகு ஈரப்பசை கட்டாயம் வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று தங்கச்சி கேட்டாள். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளிடம் எட்டு வாரம் பார்த்ததில், வெர்ஜின் என்று சொல்கிற, பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த சுத்தமான எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாகவே வேலை செய்தது. லேசான, நடுத்தர எக்ஸிமாவில் பார்த்தது அது. வாசனை சேர்த்த எண்ணெய் வேண்டாம். புண் பிடித்து நீர் வடிந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

நான் சொன்ன ஊசி மருந்து விலை அதிகம், அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. கொடுத்தது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. மஞ்சளாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். 1972-லேயே அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்ற பழைய மருந்து. இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தவறித் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். குடிப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் நாள்காட்டியில் செவ்வாய்க்கிழமையை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். மற்ற நாள் டப்பா என் அலமாரியில்தான் இருக்கும்.

அப்புறம், விரல் மூட்டு. சொரியாசிஸ் உள்ளவர்களில் 30% வரை மூட்டு அழற்சியும் வரலாம். காலையில் எழுந்ததும் விரல் மடங்கவில்லை, நகத்தில் ஊசி குத்தின மாதிரிப் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுகிறது என்றால் தோல் டாக்டரிடமே சொல்லுங்கள். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

போன தவணைக்குப் போனபோது ஒரு ஆய்வில் சேர விருப்பமா என்று அப்பாவிடம் கேட்டார்கள். தாளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். மலாய்தான், வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ரத்தம் எத்தனை தடவை எடுப்பார்கள், யார் செலவு, நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்குமா என்று அப்பா ஒவ்வொன்றாகக் கேட்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது என்று அதிலேயே இருந்தது. உங்களிடமும் கேட்டால் அவசரப்பட்டு மறுக்காதீர்கள், அவசரப்பட்டுக் கையெழுத்தும் போடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள்.

அப்பா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பசியாறும்போது, "அந்த நாலு பேரும் பயந்திருந்தா இன்னைக்கு அந்த ஊசியெல்லாம் ஏது" என்றார். 1979-இல் இருந்த அந்த நாலு பேரைத்தான் சொன்னார். நான் எப்போதோ சொன்ன கதையை மனதில் வைத்திருந்திருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதோ, குழாயடியில் குளித்துக்கொண்டிருக்கிறார். வலது தோளில் செதில் இல்லை, கம்பு இருந்த இடம் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறது. இன்றைக்குச் செவ்வாய். நான் போய் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டும். வருகிறேன்.