என் சாட் ஆப்பைப் பார்க்கத் தனியாக வராதீர்கள்

வணக்கம். போன வீடியோவில் காட்டிய குரூப் சாட் ஆப் இப்போது ப்ரௌசரிலேயே ஓடுகிறது, லிங்க் கீழே இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், உடனே தட்டிவிடாதீர்கள். தனியாக வருவதாக இருந்தால் வேண்டாம்.

திமிரில் சொல்லவில்லை. நோட்ஸ் ஆப், கால்குலேட்டர் ஆப் என்றால் ஒருவரே திறந்து பார்த்துக் கருத்துச் சொல்லிவிடலாம். குரூப் சாட்டுக்குள் ஒற்றை ஆள் வந்தால் காலித் திரைதான் இருக்கும். ‘ஹாய்’ என்று ஒன்று, ‘டெஸ்ட்’ என்று ஒன்று அனுப்புவார். கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கேரம் போர்டைத் தனியாக ஆடிப் பார்த்து மார்க் போடுவது போலத்தான் அது.

ஆபீஸ் குழுக்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் என்ற சாட் ஆப் வந்த கதை இதற்குச் சரியான உதாரணம். அதைச் செய்தவர்கள் முதலில் கிளிட்ச் என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு நடத்தினார்கள். 2012 இறுதியில் அதை மூடிவிட்டார்கள். விளையாட்டைச் செய்யும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐஆர்சி வைத்திருந்தார்கள், அது 1988இல் பின்லாந்தில் பிறந்த பழைய சாட் முறை. ஆஃப்லைனில் இருக்கும்போது வந்த மெசேஜ் அதில் கிடைக்காது. அதனால் சேமிப்பது, தேடுவது என்று ஒவ்வொன்றாகத் தாங்களே ஒட்டவைத்தார்கள். பிறகு அதையே தனி ஆப்பாக எடுத்தபோது, வேறு நிறுவனங்களில் இருந்த நண்பர்களிடம் கெஞ்சிக் கூத்தாடிப் பயன்படுத்த வைத்தார்கள். அதில் ஒன்று ஆர்டியோ என்ற இசை நிறுவனம். சின்னக் குழுவாகத் தொடங்கி நூற்றுக்கு மேல் ஆட்கள் உள்ளே வந்ததும், பத்துப் பேருக்கு இனித்த அதே ஆப் கசக்க ஆரம்பித்தது. எந்த சேனலில் என்ன நடக்கிறது என்றே புரியாத கூட்டம். தனித்தனியாக ஆயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

அவர்கள் வைத்திருந்த ஒரு கணக்கும் எனக்குப் பிடிக்கும். ஒரு குழு 2,000 மெசேஜ் பரிமாறினால்தான் அது உண்மையிலேயே பயன்படுத்திப் பார்த்த குழு. பத்துப் பேர் என்றால் ஏறக்குறைய ஒரு வாரப் பேச்சு. அந்த அளவைத் தாண்டிய குழுக்களில் 93 சதவீதம் தொடர்ந்து இருந்தன என்று ஸ்லாக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டுவர்ட் பட்டர்ஃபீல்ட் சொன்னார். நானும் இதைத்தான் எதிர்பார்க்கிறேன்: ஐந்து நிமிடம் வேண்டாம், ஒரு வாரம்.

டிசைன் படித்தவர்கள் உடனே, வெப்சைட்டுகள் பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்று ஆராயும் நிபுணர் யாக்கோப் நீல்சனை இழுப்பீர்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000இல் எழுதினார். சரிதான், ஆனால் எனக்கு அந்த ஐந்து பேரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த ஐந்து பேராக இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு குழுவாக வாருங்கள். அபார்ட்மெண்ட் அசோசியேஷன், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டீம், அக்கா கல்யாண வேலை பார்க்கும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், யாராக இருந்தாலும் சரி. நிஜமான ஒரு வேலையைக் கொண்டு வாருங்கள். மேட்சுக்கு யார் வருகிறார்கள், பந்தலுக்கு யார் அட்வான்ஸ் கொடுத்தது, இந்த மாதிரி.

அப்புறம், ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். எந்த நிமிடத்தில் ‘அட, வாட்ஸ்அப்பிலேயே போட்டுவிடுவோம்’ என்று திரும்பிப் போனீர்கள்? அப்போது என்ன அனுப்ப நினைத்தீர்கள்? இதைவிடப் பெரிய ஃபீட்பேக் எனக்கு வேண்டாம். ஸ்டிக்கர் வேண்டும், டார்க் மோட் வேண்டும் என்று கேட்கலாம், ஆனால் எதற்காக என்று நான் திருப்பிக் கேட்பேன். குழுவில் ஒன்றுமே எழுதாமல் படிக்க மட்டும் செய்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடமும் இரண்டு வரி வாங்கித் தாருங்கள். நோட்டிஃபிகேஷன் தொல்லை முதலில் அவருக்குத்தான் உறைக்கும்.

தமிழில் டைப் செய்து பாருங்கள், தயவுசெய்து. கம்ப்யூட்டரில் சில கீபோர்டுகள் சொற்களின் பட்டியலைக் காட்டும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க என்டர் தட்டினால், பாதி வாக்கியம் குரூப்புக்குப் பறந்துவிடலாம். ஜப்பானிய மொழியில் எழுதுபவர்களுக்கு இது நெடுநாள் தொல்லை. டைப் செய்வது இன்னும் முடியவில்லை என்று ப்ரௌசர் தரும் அடையாளத்தை ஆப் பார்த்தால் போதும், நான் பார்க்கிறேன், ஆனால் எல்லாக் கீபோர்டிலும் ஒழுங்காக வருகிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெயரின் முதல் எழுத்தைப் போடும் வட்டத்தையும் பாருங்கள். பல ஆப்களில் கீதாவுக்கு ‘க’ என்றுதான் வரும், ‘கீ’ கம்ப்யூட்டருக்கு இரண்டு குறி என்பதால்.

ஒரு எச்சரிக்கை. மெசேஜ்கள் இன்னும் முனைக்கு முனை பூட்டப்படவில்லை, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி இல்லை, என் சர்வரில் அப்படியே கிடக்கின்றன. ஓடிபி, ஆதார், பேங்க் விவரம் எதுவும் போடாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் அனுப்பும்போது மற்றவர்கள் பெயரை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

ஐபோன்காரர்களுக்கு மட்டும் கடைசியாக: சஃபாரியில் வெறும் டேபாகத் திறந்து வைத்தால் நோட்டிஃபிகேஷன் வராது. ஷேர் பட்டனைத் தட்டி ஹோம் ஸ்க்ரீனில் சேர்க்க வேண்டும், ஐஓஎஸ் 16.4 அல்லது அதற்குப் பிந்தையது இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு, அங்கிருந்து திறந்து அனுமதி கொடுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.