கோல்ஹாஸ் கேட்ட இரண்டு குதிரைகள்

நண்பர்களே, 1532-இல் லைப்சிக் சந்தைக்குப் புறப்பட்ட ஹான்ஸ் கோல்ஹாசே என்ற வணிகரின் இரண்டு குதிரைகளை, ஜெர்மனியின் சாக்சனியில் ஒரு பிரபுவின் ஆட்கள் பறித்துக்கொண்டார்கள். நியாயம் கிடைக்காத அவர், 1534-இல் சாக்சனி மீதே பகை அறிவித்தார். 1540-இல் பெர்லினில் சக்கரத்தில் வைத்து அவரைக் கொன்றார்கள். இந்தச் செய்தியைக் கொண்டுதான் ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட் 1810-இல் 'மிகாயேல் கோல்ஹாஸ்' குறுநாவலை வெளியிட்டார். அது பலமுறை மேடையேறியிருக்கிறது.

மேடையில் நம்மை ஈர்ப்பது தீதான். விட்டன்பர்க் நகரை மும்முறை கொளுத்துகிறான் கோல்ஹாஸ். ஆனால் நாடகத்தின் உயிர் அதற்கு முன்பே, அவன் மனைவி லிஸ்பெத்தின் படுக்கையருகே இருக்கிறது. கணவனின் மனுவை மன்னரிடம் தானே கொடுப்பதாகச் சொல்லிப் போனவள் அவள். காவலன் ஒருவனின் ஈட்டிக்காம்பு நெஞ்சில் பட்டுச் சாகக் கிடக்கிறாள். பேச முடியவில்லை. விவிலியத்தைப் புரட்டி, பகைவரை மன்னிக்கச் சொல்லும் வரியை விரலால் காட்டுகிறாள். கோல்ஹாஸ் அவள் கையைப் பற்றி அழுகிறான். மனத்திற்குள்ளோ, அந்தப் பிரபுவை ஒருபோதும் மன்னிப்பதில்லை என்று உறுதி கொள்கிறான். இந்தக் காட்சியை அவசரமாகக் கடந்துவிடும் இயக்குநரை என்னால் ஏற்க முடியாது. அவன் திரும்பியிருக்கக்கூடிய கடைசி இடம் அது. பின்னால் மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரே மன்னிக்கச் சொல்லும்போதும் மற்ற எல்லாரையும் மன்னிக்கிறான். அந்த ஒருவனை மட்டும் மாட்டேன் என்கிறான்.

அவனைப் பைத்தியக்காரனாக நடித்துக் காட்டுவதும் பிழை. அவன் வழக்கு உண்மையானது. இல்லாத ஒரு அனுமதிச் சீட்டைக் கேட்டு ஈடாகப் பிடித்துவைத்த குதிரைகளை, வயலில் உழைக்க வைத்து எலும்பும் தோலுமாக்கினார்கள். பிரபுவின் உறவினர்கள் அரசவையில் இருந்ததால் புகார் தள்ளப்பட்டது.

கிளைஸ்டின் கதை முடிவில், கோல்ஹாஸின் தலை வெட்டப்படும் நாளில் எல்லாம் கைக்கு வருகிறது: கொழுத்துப் பளபளக்கும் குதிரைகள், பறிபோன பணம், அடிபட்ட வேலைக்காரன் ஹெர்சேயின் துணிமூட்டைகூட. பிரபுவுக்கு இரண்டாண்டுச் சிறை. கோல்ஹாஸ் மனநிறைவோடு மண்டியிடுகிறான். அந்த நிறைவை நடிகர் மறைக்கக் கூடாது. வருத்தம் கலந்து மென்மையாக்கவும் கூடாது. தீர்ப்பில் லிஸ்பெத்தின் சாவுக்கு ஈடாக எதுவுமில்லை. அவன் கேட்கவும் இல்லை.